ஓடும் காட்சிக்கு ஒரு கேமரா

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால், செம்பரம்பாக்கமும் தண்டலமும் தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருங்காட்டுக்கோட்டை வருகிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இங்கே 1990இல் திறக்கப்பட்டது. சுற்று ஒன்றுக்குச் சுமார் 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்பு சென்னையின் மோட்டார் பந்தயங்கள் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்தன.

சென்னையின் மேற்குப் புறநகரில் வசிக்கும் ஒருவருக்கு, வேகமாக நகரும் பொருளைப் படமெடுக்க இந்தத் தடம் மட்டும்தான் உண்டு என்று எண்ண வேண்டாம். 1856இல் ராயபுரத்திலிருந்து ஆற்காடு நோக்கித் திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போகிறது. இன்றும் பல விரைவு வண்டிகள் அந்த நிலையங்களில் நிற்காமல் பாய்ந்து கடக்கின்றன. ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டு ஏரியில் கூழைக்கடாக்கள் இறங்குகின்றன, மீன்கொத்திகள் பாய்கின்றன. பொங்கலை ஒட்டித் தெருவோரத் திடலில் விளக்குக் கட்டிக் கபடி நடக்கிறது.

பந்தய பைக், ரயில், பறவை, இரவுக் கபடி. இந்த நான்கையும் எடுக்க ஆசைப்பட்டு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வாங்கக் கிளம்புகிறவர் கடையில் முதலில் கேட்பது பெரும்பாலும் “எத்தனை மெகாபிக்சல்?” என்றுதான். ஓடும் காட்சிக்கு அந்த எண் மிகக் குறைவாகவே உதவும். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: பொருள் எவ்வளவு வேகம்? அங்கே எவ்வளவு வெளிச்சம்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் எந்த லென்ஸ், எந்த கேமரா என்பது ஏறத்தாழத் தானாகவே தெளிந்துவிடும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

வேகத்தை மில்லிமீட்டரில் அளப்போம்

மணிக்கு 108 கிலோமீட்டர் என்பது கணக்குப் போட வசதியான வேகம். விநாடிக்குச் சரியாக 30 மீட்டர். நிற்காமல் போகும் விரைவு வண்டிக்கும் வளைவிலிருந்து வெளியேறும் பைக்குக்கும் இது பொருந்தக்கூடிய வேகம்தான்.

கேமராவின் ஷட்டர் 1/1000 விநாடி திறந்திருந்தால், அதற்குள் அந்த வண்டி 30 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். 1/250 விநாடி என்றால் 120 மில்லிமீட்டர், ஒரு கையின் அகலத்துக்கும் மேலே. 1/4000 விநாடியில்கூட 7.5 மில்லிமீட்டர். எந்த ஷட்டர் வேகமும் உலகத்தை முழுவதுமாக நிறுத்துவதில்லை. நகர்வு நம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்குகிறது, அவ்வளவே.

எவ்வளவு சுருங்கினால் போதும்? 24 மெகாபிக்சல் கேமராவின் படம் அகலவாக்கில் சுமார் 6000 பிக்சல் கொண்டது. ரயிலுக்குச் செங்குத்தாக நின்று, 12 மீட்டர் அகலம் தெரியும்படி எடுக்கிறோம் என்றால் ஒரு பிக்சலுக்கு 2 மில்லிமீட்டர். 1/1000 விநாடியில் எடுத்த படத்தில் ஒவ்வொரு விளிம்பும் 15 பிக்சல் இழுபடும். அதை ஓர் அடி அகலத்துக்கு அச்சிட்டால் முக்கால் மில்லிமீட்டர் மங்கல் தெரியும். கையில் வைத்துப் பார்க்கிறவர் கவனித்துவிடுவார். 1/4000 விநாடியில் இழுபடல் 4 பிக்சலுக்கும் குறைவு, அச்சில் 0.2 மில்லிமீட்டர். அதைக் கண் பொருட்படுத்தாது.

இந்தக் கணக்கிலேயே ஒரு சலுகையும் இருக்கிறது. பொருள் குறுக்கே போகாமல் நம்மை நோக்கிச் சாய்வாக வந்தால், படத்தில் தெரியும் பக்கவாட்டு நகர்வு குறைந்துவிடும். நம் பார்வைக் கோட்டுக்கு 30 டிகிரி சாய்வில் வரும் வண்டி, குறுக்கே போகும் வண்டியில் பாதி அளவே இழுபடும். நேர் எதிரே வந்தால் இன்னும் குறைவு. நேர்க் கோட்டின் நடுவைவிட வளைவின் முகப்பு படத்துக்கு ஏற்ற இடமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். வளைவில் பைக் வேகம் குறைக்கிறது, நம் பக்கம் திரும்புகிறது, ஓட்டுநரின் உடல் சாய்கிறது. ஒரே இடத்தில் மூன்று உதவிகள்.

எதிர் வழியும் உண்டு. பைக்கின் வேகத்துக்கு ஈடாகக் கேமராவையும் திருப்பிக்கொண்டே 1/125 அல்லது 1/60 விநாடியில் எடுத்தால், பைக் தெளிவாக நிற்கும். பின்னணி கோடுகளாக ஓடும். இதைப் பேனிங் என்கிறார்கள். இதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை; இடுப்பிலிருந்து சீராகத் திரும்பும் உடல்தான் தேவை.

இரண்டு திரைகளின் ஓட்டம்

1878இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, குதிரை ஓடும்போதே அறுந்து ஷட்டரை இயக்கும்படி நூல் கட்டி, நாலுகால் பாய்ச்சலைப் படமாக்கினார். ஒரு கணத்தில் குதிரையின் நான்கு கால்களும் தரையை விட்டு எழுகின்றன என்பது அப்போதுதான் உறுதியானது. கால்கள் முன்னும் பின்னும் விரியும்போது அது நடக்கவில்லை, வயிற்றுக்கடியில் ஒடுங்கும்போது நடந்தது. நூற்றாண்டுக் கணக்கில் ஓவியர்கள் தவறாக வரைந்துவந்ததை ஷட்டர் திருத்தியது. வேகப் படக்கலையின் பெருமை இங்கிருந்துதான் தொடங்குகிறது: கண்ணால் பார்க்க முடியாததை அது காட்டுகிறது.

இன்றைய எஸ்.எல்.ஆரில் சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் இருக்கின்றன. முதல் திரை விலகி ஒளியை உள்ளே விடுகிறது. இரண்டாம் திரை பின்னாலேயே வந்து மூடுகிறது. ஒரு திரை சென்சாரைக் கடக்க ஏறத்தாழ 1/250 விநாடி ஆகும். அப்படியானால் 1/4000 விநாடி எப்படிச் சாத்தியம்? முதல் திரை பாதையை முடிக்கும் முன்பே இரண்டாம் திரை கிளம்பிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிய இடைவெளி மட்டும் சென்சாரின் மேல் ஓடுகிறது. ஒவ்வொரு வரியும் 1/4000 விநாடிதான் ஒளியைப் பெறுகிறது. ஆனால் எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் பெறுவதில்லை.

இதன் விளைவைப் பிரெஞ்சுக்காரர் ழாக் ஆன்ரி லார்த்தீக் 1910களின் தொடக்கத்தில் எடுத்த புகழ்பெற்ற பந்தயக் கார் படத்தில் பார்க்கலாம். சக்கரம் முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். பின்னால் நிற்கும் மனிதர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். மெதுவாக ஓடிய திரை செய்த வேலை அது. இன்றைய திரை அதைவிடப் பல மடங்கு விரைவானது என்பதால் நம் ரயில் 12 சென்டிமீட்டர் அளவுக்கே சாய்கிறது, யாரும் கவனிப்பதில்லை. ஆனால் சென்சாரை வரி வரியாக மெதுவாகப் படிக்கும் மின்னணு ஷட்டரில், முழுப் படத்தையும் படித்து முடிக்க 1/30 விநாடி ஆனால், அதே ரயில் ஒரு மீட்டர் சாய்ந்து நிற்கும். ஓடும் பொருளுக்கு எந்திர ஷட்டரின் மதிப்பு இங்கே தெரிகிறது.

கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கண்

ஷட்டர் வேகம் எல்லாக் கேமராவிலும் ஏறத்தாழ ஒன்றுதான். மிகக் குறைந்த விலை எஸ்.எல்.ஆரிலும் 1/4000 விநாடி இருக்கிறது. கேமராக்கள் பிரிவது ஃபோக்கஸில்.

எஸ்.எல்.ஆரின் பெரிய கண்ணாடி லென்ஸ் வழியே வரும் ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதி சிறிது ஒளியை ஊடுருவ விடும். அதன் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு குட்டிக் கண்ணாடி, அந்த ஒளியைக் கேமராவின் அடிப்பாகத்தில் உள்ள ஃபோக்கஸ் சென்சாருக்கு அனுப்புகிறது. அங்கே லென்ஸின் இரு விளிம்புகள் வழியாக வந்த ஒளி இரண்டு தனித்தனி பிம்பங்களாக விழுகிறது. ஃபோக்கஸ் சரியாக இருந்தால் இரண்டும் குறிப்பிட்ட இடைவெளியில் இருக்கும். நெருங்கியிருந்தால் ஒரு திசையில் தவறு, விலகியிருந்தால் மறு திசையில் தவறு. லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது ஒரே அளவீட்டில் தெரிந்துவிடுகிறது. முன்னும் பின்னும் நகர்த்தித் தேட வேண்டியதில்லை.

ஓடிவரும் பொருளுக்கு இந்த முறை ஏன் இன்றியமையாதது என்பதைக் கணக்கே சொல்லும். 300 மி.மீ. லென்ஸ் வைத்திருக்கிறோம். 60 மீட்டரில் இருக்கும் பைக்கின் மீது ஃபோக்கஸ் செய்ய, எளிய லென்ஸ் ஒன்று தன் முடிவிலி நிலையிலிருந்து 1.5 மில்லிமீட்டர் முன்னே வர வேண்டும். 30 மீட்டருக்கு 3 மில்லிமீட்டர். 15 மீட்டருக்கு 6.1 மில்லிமீட்டர். விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் பைக் முதல் பாதியைக் கடக்க ஒரு விநாடி. அடுத்த 15 மீட்டரைக் கடக்க அரை விநாடி. முதல் ஒரு விநாடியில் 1.5 மில்லிமீட்டர் நகர்ந்த லென்ஸ், அடுத்த அரை விநாடியில் இரு மடங்கு தூரம் நகர வேண்டும். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஃபோக்கஸ் மோட்டாரின் வேகம் நான்கு மடங்காக வேண்டும். பைக் அருகே வரும் கடைசிக் கணத்தில், படம் மிக அழகாக இருக்கும் அந்த இடத்தில், ஃபோக்கஸ் தவறுவது இதனால்தான்.

சிக்கல் இன்னும் ஒன்று உண்டு. பொத்தானை அமுக்கியதும் கண்ணாடி மேலே எழ வேண்டும், பிறகு ஷட்டர் திறக்க வேண்டும். இதற்கு 1/20 விநாடி அளவு பிடிக்கும். அதற்குள் பைக் ஒன்றரை மீட்டர் வந்துவிடும். 300 மி.மீ. லென்ஸை எஃப் 4 துளையில் (எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது) வைத்தால், 30 மீட்டர் தூரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் மொத்தமே ஒன்றரை மீட்டர் அளவுதான். அதாவது, பொத்தானை அமுக்கியபோது சரியாக இருந்த ஃபோக்கஸ், படம் பதியும்போது பழையதாகியிருக்கும். கண்ணாடி மேலே இருக்கும் வரை ஃபோக்கஸ் சென்சாருக்கு ஒளியும் இல்லை. கேமரா அந்தக் கணத்தில் குருடு.

எனவே கேமரா ஊகிக்கிறது. பொருள் கடந்த சில அளவீடுகளில் எப்படி நெருங்கியது என்று பார்த்து, ஷட்டர் திறக்கும் கணத்தில் எங்கே இருக்கும் என்று கணித்து, லென்ஸை முன்கூட்டியே அங்கே கொண்டுபோய் வைக்கிறது. கேனானில் இதை ‘ஏ.ஐ. சர்வோ’ என்றும் நிக்கானில் ‘ஏ.எஃப்.-சி’ என்றும் குறிப்பிட்டிருப்பார்கள். ஓடும் காட்சிக்குப் போகும்போது முதலில் மாற்ற வேண்டிய அமைப்பு இதுதான்.

ஊகம் எவ்வளவு நம்பகமானது என்பதை ஃபோக்கஸ் புள்ளிகள் தீர்மானிக்கின்றன. கேனான் 1500டி கேமராவில் 9 புள்ளிகள். அவற்றில் நடுப்புள்ளி மட்டும் குறுக்கு வகை, அதாவது நெடுங்கோடுகளையும் கிடைக்கோடுகளையும் ஒருசேர உணரும். நிக்கான் டி3500இல் 11 புள்ளிகள். நிக்கான் டி7500இல் 51. கேனான் 80டி, 90டி இரண்டிலும் 45 புள்ளிகளும் குறுக்கு வகை. கேனான் 7டி மார்க் 2இல் 65ம் அப்படியே. நிக்கான் டி500இல் 153 புள்ளிகள் படத்தின் அகலம் முழுவதும் பரவியிருக்கின்றன. பருத்திப்பட்டில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிதானமாகப் பறக்கும் கூழைக்கடாவுக்கு 9 புள்ளிகள் தாராளம். கோரைப் புல்லுக்கு முன்னால் வளைந்து பறக்கும் மீன்கொத்திக்கு நெருக்கமான புள்ளிகள் வேண்டும். இல்லாவிட்டால் கேமரா பறவையை விட்டுவிட்டுப் புல்லைப் பிடித்துக்கொள்ளும்.

விநாடிக்கு எத்தனை படம்?

ஒன்றைப் பார்த்துக் கை செயல்பட நமக்கு ஏறத்தாழ 0.2 விநாடி ஆகிறது. அதற்குள் நம் பைக் 6 மீட்டர் போய்விடும். பார்த்த பிறகு அமுக்குகிறவருக்குப் பார்த்த காட்சி கிடைக்காது. கபடியில் பாடிப் போனவரின் காலை எதிரணி பிடிக்கும் கணம், மீன்கொத்தியின் அலகு நீரைத் தொடும் கணம் ஆகிய எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். நிகழப் போவதை உணர்ந்து சற்று முன்பே அமுக்கத் தொடங்கி, தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டே போவதுதான் வழி.

1500டி விநாடிக்கு 3 படம் எடுக்கும். நம் பைக் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 10 மீட்டர் கடந்துவிடும். டி3500, நிக்கான் டி5600 ஆகியவை 5 படம். இடைவெளி 6 மீட்டர். டி7500 எட்டு படம். 7டி மார்க் 2, டி500, 90டி மூன்றும் 10 படம்; இடைவெளி 3 மீட்டர். எஸ்.எல்.ஆர்களின் உச்சம் 2020இல் வந்த கேனான் 1டி எக்ஸ் மார்க் 3. வியூஃபைண்டர் வழியே பார்த்தபடி விநாடிக்கு 16 படம். அதாவது விநாடிக்கு 16 முறை ஒரு கண்ணாடி எழுந்து, விழுந்து, அதிராமல் நின்று, நடுவில் ஃபோக்கஸும் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்திரவியலில் இது ஒரு சாதனை.

இந்த எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 20 மெகாபிக்சல் கேமராவில், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ‘ரா’ கோப்பு ஒன்று 25 மெகாபைட் அளவு. விநாடிக்கு 10 என்றால் 250 மெகாபைட். வழக்கமான யு.எச்.எஸ்.-1 வகை எஸ்.டி. கார்டின் உச்ச வேகமே 104 மெகாபைட்தான். மிச்சத்தைக் கேமராவின் உள் நினைவகமான பஃபர் தாங்குகிறது. இது லாரித் தண்ணீர் கொட்டும் சம்ப்பும் அதிலிருந்து மேலே ஏற்றும் சின்ன மோட்டாரும் போல: உள்ளே வருவது அதிகம், வெளியே போவது குறைவு, சம்ப் நிரம்பியதும் லாரி காத்திருக்க வேண்டும். 7டி மார்க் 2 சுமார் 30 ரா படங்களில், அதாவது மூன்று விநாடியில் நிரம்பும். டி500 வேகமான எக்ஸ்.கியூ.டி. கார்டோடு தொடர்ச்சியாக 200 ரா படங்கள் வரை தாங்கும். இடையில் நின்றுவிடும் கேமராவை வைத்திருப்பவர் சிறிய கோப்பான ஜேபெக்கில் எடுத்தால் நிலைமை பெரிதும் சீராகும். ஒரு கபடி ரெய்டு 30 விநாடி. அதில் முக்கியமான தருணம் இரண்டு விநாடி. எப்போது அமுக்குவது என்று தெரிந்தவருக்கு மூன்று விநாடி பஃபரே போதும்.

இரவுக் கபடியின் வெளிச்சக் கணக்கு

இதுவரை பேசியது எல்லாம் பகல். நடுப்பகல் வெயிலில் சென்னையில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். திடலில் நான்கு கம்பம் நட்டு விளக்குக் கட்டிய கபடிக் களத்தில் 200 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கண் இதைப் பெரிதாக உணர்வதில்லை. ஆனால் வெளிச்சம் 500 மடங்கு குறைந்திருக்கிறது. வீரர்களோ பகல் வெளிச்சத்தில் ஓடும் அதே வேகத்தில்தான் ஓடுகிறார்கள். 1/500 விநாடிக்குக் கீழே இறங்கினால் கையும் காலும் மங்கிவிடும்.

கேமராவோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸின் துளை, ஜூம் செய்த நிலையில் எஃப் 5.6. இந்தத் துளையும் 1/500 விநாடியும் 200 லக்ஸும் சேர்ந்தால், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை 20,000 வரை ஏற்ற வேண்டும். எஃப் 2.8 லென்ஸில் அதே காட்சிக்கு 5,000 போதும். எஃப் 1.8 லென்ஸில் 2,000. முதலாவதுக்கும் கடைசியதுக்கும் வித்தியாசம் பத்து மடங்கு.

ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் படத்தில் ஏன் புள்ளி புள்ளியாக இரைச்சல் வருகிறது? ஒளி தனித்தனித் துகள்களாக, ஃபோட்டான்களாக வருகிறது. அவை சீரான இடைவெளியில் வருவதில்லை. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஃபோட்டான் விழுந்தால், ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100. அதாவது ஒரு சதவீதம். 100 ஃபோட்டான் மட்டும் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. அதாவது பத்து சதவீதம். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் இப்படி மாறி மாறித் தெரிவதுதான் இரைச்சல். இதில் பெரும்பகுதி கேமராவின் குறை அல்ல, ஒளியின் இயல்பு. தீர்வு ஒன்றுதான்: அதிக ஒளியைச் சேகரிக்க வேண்டும். பெரிய துளை ஒரு வழி. பெரிய சென்சார் இன்னொரு வழி. 36 × 24 மி.மீ. முழுச் சட்டக சென்சாரின் பரப்பு, நிக்கானின் 23.5 × 15.6 மி.மீ. சென்சாரைவிட 2.4 மடங்கு, கேனானின் சிறிய சென்சாரைவிட 2.6 மடங்கு. ஒரே துளையில், ஒரே காட்சியைச் சட்டகம் நிறைய எடுத்தால் அந்த மடங்கு ஒளி கூடுதலாகக் கிடைக்கும்.

ஆனால் பணத்தைப் பொறுத்தவரை கணக்கு வேறு. சிறிய சென்சார் கேமராவில் ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் மாட்டினால், எஃப் 5.6 ஜூமைவிடப் பத்து மடங்கு ஒளி. லென்ஸ் வரிசையிலேயே மிக மலிவானவற்றில் அது ஒன்று. முழுச் சட்டகக் கேமரா தருவது இரண்டரை மடங்கு. விலையோ பல மடங்கு. ஆண்கள் கபடிக் களம் 13 × 10 மீட்டர். ஓரத்தில் உட்கார்ந்தால் 50 அல்லது 85 மி.மீ. லென்ஸே களத்தை எட்டும்.

விளக்குகள் இன்னொரு தொல்லையும் தருகின்றன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; விளக்கின் வெளிச்சம் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. 1/500 விநாடி என்பது அந்த அலையின் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு படம் அலையின் உச்சியிலும் அடுத்த படம் பள்ளத்திலும் விழும்; ஒன்று பளிச்சென்றும் அடுத்தது இருண்டும் நிறம் மாறியும் வரும். 2014இல் வந்த 7டி மார்க் 2 இந்தத் துடிப்பை உணர்ந்து, உச்சி வரும் கணம் பார்த்து ஷட்டரைத் திறக்கும் வசதியைக் கொண்டுவந்தது. பின்னர் வந்த 80டி, 90டி, டி500, டி7500 ஆகியவற்றிலும் அது இருக்கிறது. இரவு விளையாட்டுதான் உங்கள் விருப்பம் என்றால், இந்த வசதி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.

எதற்கு எவ்வளவு செலவழிப்பது?

மேலே பார்த்த கணக்குகள் ஒரே முடிவை நோக்கித்தான் வருகின்றன. முதல் செலவு லென்ஸுக்கு. இரண்டாவது செலவு ஃபோக்கஸ் நன்றாக இருக்கும் உடலுக்கு. மெகாபிக்சலுக்குத் தனியாக எதுவும் ஒதுக்க வேண்டாம். டி500இல் இருப்பது 20.9 மெகாபிக்சல், டி3500இல் 24.2. வேகத்துக்காகவே செய்யப்பட்ட கேமராவில் மெகாபிக்சல் குறைவு என்பதைக் கவனியுங்கள்.

ரயிலும் ஏரிப் பறவையும் பகல் வெளிச்சமும் போதும் என்பவருக்கு டி5600 போன்ற 39 புள்ளி, விநாடிக்கு 5 படம் தரும் கேமராவும், 70-300 மி.மீ. ஜூமும் நல்ல தொடக்கம். சிறிய சென்சாரில் 300 மி.மீ. லென்ஸ், முழுச் சட்டகத்தில் 450 மி.மீ. தரும் குறுகிய பார்வையைத் தருகிறது. பறவைக்கு இது லாபம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டி3500, டி5600 உடல்களுக்குள் ஃபோக்கஸ் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லாத பழைய நிக்கான் லென்ஸ்களை மாட்டினால் கையால்தான் ஃபோக்கஸ் செய்ய வேண்டும். இரவுக் கபடிக்கு 80டி அல்லது டி7500 உடலும் எஃப் 1.8 லென்ஸும். பந்தயத் தடத்துக்கும் பாயும் மீன்கொத்திக்கும் 7டி மார்க் 2, 90டி, டி500.

எஸ்.எல்.ஆர். யுகம் முடிந்துவரும் காலம் இது. கேனானும் நிக்கானும் தங்கள் முயற்சியைக் கண்ணாடியில்லாத கேமராக்கள் பக்கம் திருப்பிவிட்டன. 2021இல் வந்த நிக்கான் இசட்9இல் எந்திர ஷட்டரே இல்லை. 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 3 எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் படிக்கிறது, லார்த்தீக்கின் சாய்ந்த சக்கரம் அதில் நேராகவே நிற்கும். அவற்றின் விலை பெரிது. அந்த மாற்றத்தால் நமக்குக் கிடைத்திருக்கும் நன்மை, நேற்றுவரை தொழில்முறைக் கலைஞர்கள் வைத்திருந்த எஸ்.எல்.ஆர்கள் பழைய சந்தைக்கு வருவதுதான். மின்திரை இல்லாமல் நேராக ஒளியையே காட்டும் வியூஃபைண்டர், சில உடல்களில் ஒரே சார்ஜில் 1,000 படத்துக்கு மேல் தாங்கும் பேட்டரி ஆகியவை இன்றும் மதிப்புள்ளவை.

பழையது வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். 7டி மார்க் 2, டி500 ஷட்டர்கள் 2,00,000 முறைக்குச் சோதிக்கப்பட்டவை, டி7500 1,50,000, டி3500 1,00,000. லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே வலை போன்ற பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையின் ஈரக் காற்றில் மூடிய பையில் மாதக்கணக்கில் கிடந்த லென்ஸ்களில் இது சகஜம். வாங்கிய பிறகு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரப்பதத்தை 40-50 சதவீதத்தில் நிறுத்துங்கள்.

எந்தப் பணத்தாலும் தீராத ஒரு தடையும் உண்டு. மே மாத நண்பகலில் தார்த்தடத்தின் மேல் காற்று கொதிக்கும். அடர்த்தி மாறி மாறி வரும் அந்தக் காற்று ஒளியை வளைத்து, தொலைவில் உள்ள எல்லாவற்றையும் நெளிய வைக்கும். 600 மி.மீ. லென்ஸும் அந்த நெளிவைப் பெரிதாக்கித்தான் காட்டும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் எடுங்கள். அல்லது பொருளுக்கு அருகே போங்கள்.

அருகே போவதற்கும் எல்லை உண்டு. தண்டவாளத்தில் இறங்குவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. நிலையத்துக்குள் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். ஆவடியில் டாங்கி தயாரிக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை உள்ளிட்ட பாதுகாப்புத் துறை வளாகங்கள் இருக்கின்றன. தடைப் பலகை உள்ள இடத்தில் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை இணைத்து உருவாக்கிய ஒரு கேமராவைப் பயன்படுத்தினார். ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. எந்த விலங்கை, எந்தத் தூரத்தில், எந்த வெளிச்சத்தில் எடுக்கப்போகிறோம் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. கருவி அந்தத் தெளிவுக்குப் பின்னால் வந்தது.

ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: பொருள், அதன் வேகம், அது இருக்கும் தூரம், அங்குள்ள வெளிச்சம். சொந்தமாக ஒரு மெமரி கார்டு எடுத்துப் போய், கடை வாசலில் சாலையைப் பார்த்து நின்று, வரும் வண்டியைத் தொடர் ஃபோக்கஸில் பத்துப் படம் எடுத்து, வீட்டில் பெரிதாக்கிப் பாருங்கள். பத்தில் எத்தனை தெளிவு என்பது விளம்பரத்தில் உள்ள எல்லா எண்ணையும்விட உண்மையானது. வாங்கிய பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சாலையில் ஓடும் மாநகரப் பேருந்துகளை வைத்துப் பேனிங் பழகுங்கள். 1/250 விநாடியில் தொடங்குங்கள். பத்தில் எட்டுத் தெளிவாக வந்ததும் 1/125க்கும், அதிலும் கை பழகியதும் 1/60க்கும் இறங்குங்கள். 1/60இல் பேருந்தின் எண் பலகையைப் படிக்க முடிகிற நாளில் இருங்காட்டுக்கோட்டைக்குக் கிளம்பலாம்.